பெர்னெட் தும்மினால் ஊருக்கே ஜலதோஷம்

அக்கறைக்காரர் என்று ஓர் இனம் உண்டு. எங்கள் ஜெனீவாவில் அது கொழுத்து வளர்ந்தது.

பிரான்சு ராஜா கடன் கேட்டார். கடன் கொடுப்பவர் யார் பெயரைக் கொடுக்கிறாரோ, அந்த ஆள் உயிரோடு இருக்கும்வரை வருஷா வருஷம் பணம் தருவதாகச் சொன்னார். அந்த ஆளுக்கு என்ன வயது என்று கேட்கவில்லை. எங்கள் வங்கிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? அம்மை கண்டு பிழைத்த, திடமான முப்பது சிறுமிகளைப் பொறுக்கியெடுத்து, ஊர்ப்பணத்தையெல்லாம் அவர்கள் உயிரின்மேல் போட்டார்கள். அவர்களில் ஒருத்தி பெர்னெட். என் சேமிப்பும் அவள் மூச்சில்தான் இருந்தது.

அக்கறைக்காரர்களில் தலைசிறந்தவர் முசியே ஷாப்புஸோ. சொந்த மனைவி மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தபோது “வெந்நீர் குடி” என்று சொல்லிவிட்டுப் போனவர், பெர்னெட் ஒருமுறை தும்மியதற்கு இரண்டு வைத்தியர்களையும் ஒரு கம்பளியையும் ஒரு கோழியையும் இழுத்துக்கொண்டு, வடகாற்றில் தொப்பி பறப்பதைக்கூடப் பாராமல் மேட்டுத்தெரு முழுக்க ஓடினார். கோழி, சூப்புக்கு.

இருபத்திரண்டு வயதில் பெர்னெட், கடிகாரம் செய்யும் ஈசாக்கைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். ஊர் வெலவெலத்துப்போயிற்று. ஷாப்புஸோ ஓடினார்.

“வேண்டாம்மா! பிரசவம்னா மறுபிறவி. உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் தாங்குவேனா?”

“எவ்வளவு தாங்க மாட்டீங்க, முசியே?”

“பன்னிரண்டாயிரம் லீவ்ர் பணம்... சேச்சே! பாசத்தைச் சொன்னேம்மா!”

“அப்ப சரி. கல்யாணம் இல்லேன்னா இப்பவே ஏரியில நீந்தப் போறேன்.”

அப்போது ஜனவரி மாதம்.

அடுத்த வாரமே கல்யாணம் நடந்தது. மணப்பெண் கழுத்தில் மூன்று கம்பளி. ஷாப்புஸோ மாப்பிள்ளையின் காதில் ஏதோ அறிவுரை சொன்னார். ஈசாக் காது வரை சிவந்தான்.

பெர்னெட் நாலு பிள்ளை பெற்றாள், கல்லுக்குண்டு மாதிரி இருந்தாள். பாரீஸில் புரட்சி வந்தது. ராஜாவும் போனார், கஜானாவும் போயிற்று. முப்பது பெண்களின் நாடியை ஓயாமல் பிடித்துப் பார்த்த எங்களுக்கு, கடன் வாங்கியவர் நாடியைப் பார்க்கத் தோன்றவே இல்லை.

போன வாரம் சந்தையில் ஷாப்புஸோவுக்கு எதிரே பெர்னெட் பலமாகத் தும்மினாள்.

“தள்ளிப் போம்மா, எனக்கு ஒட்டிக்கப் போகுது!” என்றார் அவர்.

எனக்கு வெட்கமாக இருந்தது. அவளோ மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். “அப்பாடா! இன்னிக்குத்தான் நிம்மதியாத் தும்மினேன்.”

நீங்களும் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இன்று காலை “உடம்பைப் பார்த்துக்குங்க” என்று ஒருவரிடம் அப்படி உருகினீர்களே, அவர் யார்? மாமனாரா? உயில் இன்னும் எழுதவில்லையோ?