முழ நீளத்துக்கு உருண்ட மண்

வீடு கட்டப் போகிறவர்களுக்கு மூளை எதற்கு? ஒரு பிடி மண் போதும். மிச்சத்தை மண் ஜோசியர் பார்த்துக்கொள்வார். அந்த நம்பிக்கையில் காலை ஏழு மணிக்கே எண்பது பேர் மடியில் பிளாஸ்டிக் பையோடு அவர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். படித்தவர்களும் உண்டு, அவர்கள் பையில் மட்டும் லேபிள் ஒட்டியிருந்தது.

ஜோசியர் மண்ணை உள்ளங்கையில் வைத்துக் கயிறாகத் திரிப்பார். அறாமல் நீண்டால் அசையாத வீடு, பிரியாத குடும்பம். உதிர்ந்தால் தோஷம்.

கூட்டத்தில் ஒரு பஸ் டிரைவரும் இருந்தார். இருபது வருஷம் வாடகை வீடுகளில் குப்பைகொட்டிவிட்டு வாங்கிய மனை. நாளை அஸ்திவாரம். அவர் கூடுதல் காசு கட்டிச் சிறப்பு வரிசையில் நின்றார். மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் அவருடைய மச்சினி, இன்னொரு பையோடு சாதாரண வரிசையில் நின்றாள்.

டிரைவர் கொடுத்த மண் முழ நீளத்துக்கு உருண்டது.

"யோகக்கார மண்ணுப்பா. ரெண்டடி தோண்டினா போதும்."

டிரைவருக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்து மச்சினியின் மண். பொலபொலவென்று உதிர்ந்தது.

"சாபம் பிடிச்ச மண்ணும்மா. கோழிக்கூண்டு வச்சாலும் கவுந்துடும்."

"ரெண்டும் ஒரே குழி மண்ணு ஐயா. நான்தான் பிரிச்சு எடுத்துட்டு வந்தேன்."

"உன் கைபட்டுக் கெட்டுப்போச்சு" என்றார் ஜோசியர். அதற்கும் நாலு பேர் தலையாட்டினார்கள். பழகிய கழுத்து.

அவள் உதிர்ந்த மண்ணில் பாட்டில் தண்ணீரைத் தெளித்துப் பிசைந்தாள். அதுவும் முழ நீளத்துக்கு உருண்டது. இன்னும் கொஞ்சம் ஊற்றினாள், கூழாக வழிந்தது. பிறகு ஜோசியரின் பக்கத்தில் கிடந்த துண்டைத் தூக்கினாள். அடியில் ஈரப் பஞ்சு. சிறப்பு வரிசைக்கு மட்டும் அவர் அதில் கையை நனைத்துக்கொள்வார்.

"நீளமா உருண்டா பலம்னு அர்த்தமில்ல மாமா. இந்த மாதிரி களிமண்ணுதான் மழையில ஊதும், வெயில்ல சுருங்கும். ஈரம் ஏற ஏற பலம் போயிடும். ரெண்டடியில நிறுத்தினா சுவரு பிளந்து பிள்ளைங்க மேல விழும்."

டிரைவர் உடனே கொத்தனாருக்குப் போன் போட்டார். "நாளைக்கு வேணாங்க. எவ்வளவு ஆழம்னு என் மச்சினி சொல்லுவா."

ஜோசியர் பின்கதவுக்கு ஓடினார். கதவு அசையவில்லை. ஒரு வார மழையில் கூடத்தின் அடியிலிருந்த யோகக்கார மண் ஊதி, கதவு நிலையை நெருக்கிவிட்டிருந்தது. அவர் ஜன்னல் வழியாக ஒரு காலை வெளியே போட்டபோது, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் தன் பையோடு ஓடிவந்தார்.

"ஐயா, போறதுக்கு முன்னாடி என்னுதையும் ஒரு தடவை திரிச்சுப் பாத்துடுங்க."

மனையில் களிமண் இருந்தால் ஆழமாகத் தோண்டிக்கொள்ளலாம். தலையில் இருந்தால் எங்கே தோண்டுவது? கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அதற்கு எந்த வரிசையிலும் நிற்க வேண்டியதில்லை.