கீழே நிற்பேன் என்றார் மதுரை அண்ணன்

மதுரையைப் பற்றி எங்கள் மதுரை அண்ணனுக்குத் தெரிந்த அளவுக்கு அந்த மீனாட்சிக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான். அவள் பாவம், கோயிலுக்குள்ளேயே இருப்பவள். எந்தச் சந்தில் பருத்திப்பால் சூடாகக் கிடைக்கும், எந்தத் துணிக்கடையில் முதலில் காட்டுகிற சேலையைத் தொடவே கூடாது என்பதெல்லாம் அவளுக்கு எதற்கு? அண்ணனுக்கு அத்தனையும் அத்துப்படி. இவ்வளவுக்கும் மனிதர் மதுரைக்குப் போனதே கிடையாது. மதுரையை விடுங்கள், பக்கத்து ஊரான கடுகண்ணாவையைத் தாண்டி அவர் போய்வந்ததாகக் கண்டியில் ஒருவரும் சொன்னதில்லை.

அவருக்குக் கண்டி குட்செட் பஸ் நிலையத்தில் டைம்கீப்பர் வேலை. நேரம் பார்த்து விசில் ஊதி, "ஹரி, யன்ன!" என்று சிங்களத்தில் ஒரு அதட்டல் போட்டு பஸ்களை விரட்டிவிடுவார். கலகெதர பஸ்ஸில் இருந்து மடுல்கெல்ல பஸ் வரை எல்லாம் அவர் கையசைத்தால்தான் நகரும். ஊர் உலகத்தையெல்லாம் அனுப்பிவைத்துவிட்டுத் தான் மட்டும் நிலையத்து விளக்குக் கம்பத்தடியிலேயே நிற்பார்.

எங்கள் பக்கத்தில் வீட்டில் கல்யாணம் என்றால், கொஞ்சம் வசதி இருந்தால், துணிமணி எடுக்க மதுரைக்குப் போவது வழக்கமாகிவிட்டது. போனவர்கள் பெட்டியும் கையுமாகக் கண்டியில் வந்து இறங்குகிற இடம் அண்ணனின் கம்பத்தடி. அங்கிருந்து வீட்டுக்குத் தப்பித்துப் போனவர் யாருமில்லை. ஒரு பிளேன்டீயை வாங்கிக் கையில் கொடுத்துவிட்டு விசாரணையை ஆரம்பிப்பார்.

"வெளக்குத்தூண் பக்கம் போனீங்களா?"

"போனோம்ண்ணே."

"ஜிகர்தண்டா குடிச்சீங்களா?"

"குடிச்சோம்."

"கடைக்கு எதுத்தாப்ல என்ன இருந்துச்சு?"

இங்கேதான் பெரும்பாலானவர்கள் முழிப்பார்கள். "அப்ப மதுரைக்குப் போயி என்னதான் பண்ணுனீங்க?" என்று பஸ் நிலையமே திரும்பிப் பார்க்கிற மாதிரி கேட்பார். இந்த மானக்கேட்டுக்குப் பயந்தே கண்டிக்காரர்கள் மதுரையில் கண்ணை அகல விரித்துக்கொண்டு நடந்தார்கள். கோயிலில் சாமியைக் கும்பிடும்போதுகூட, தூண் எந்தப் பக்கம் என்று ஒரு கண்ணால் பார்த்து வைத்துக்கொள்வார்கள்.

கலகெதரவில் துணிக்கடை வைத்திருக்கும் ஹாஜியார் ஒருவர் சரக்கு எடுக்க அடிக்கடி மதுரைக்குப் போவார். ஒரு தடவை அவர் கறி தோசை சாப்பிடாமல் வந்துவிட்டார் என்று தெரிந்ததும் அண்ணன் அவரிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார். ஹாஜியாருக்கு அது உறுத்தலாகிவிட்டது. அடுத்த பயணத்தில் தான் சாப்பிட்டது போதாதென்று ஒரு பொட்டலமும் கட்டி, விமானத்தில் கொண்டுவந்து, கம்பத்தடியில் அண்ணன் கையில் வைத்தார்.

"இந்தா மதுரை, ஒனக்காக வேண்டித்தான் அல்லாட காவல்ல கொண்டு வந்த. இனி என்ன நிம்மதியா இருக்க விடு."

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு ஒரு துண்டைப் பிய்த்து மென்றார். ஹாஜியார் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். "உப்பு கொஞ்சம் கம்மி. தோசை ஊத்துற ஆளு மாறிட்டான் போல," என்றார் அண்ணன். கடைசியில் அவர் சொன்னது சரி என்று ஹாஜியாரே அடுத்த தடவை விசாரித்து வந்து சொன்னார். நான் இதை மிகைப்படுத்தவில்லை, ஹாஜியார் வேண்டுமானால் மிகைப்படுத்தியிருக்கலாம்.

இந்த மதுரைப் பைத்தியத்தைக் கொஞ்சமும் மதிக்காத ஒரே ஆள் அவர் மனைவி ராசாத்தி அக்கா. மடுல்கெல்ல தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். "இவரு பேச்ச கேட்டு நடந்தா வீட்டுக் கொல்லையில இருக்கிற கொய்யா மரத்துக்கே போய்ச் சேர முடியாது தம்பி," என்பார்.

போன வருடம் என் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. நானும் என் மனைவியும் மதுரைக்குப் புறப்பட்டபோது, வழிகாட்ட வாங்களேன் என்று அண்ணனையும் அக்காவையும் அழைத்தேன். அண்ணனின் முகம் வெளுத்துவிட்டது. "நான் போயிட்டா பஸ்ஸ யாரு எடுத்துவிடுறது?" என்று இழுத்தார். அக்கா ஒரு பார்வை பார்த்தார். லீவு போட்டுவிட்டார்.

புறப்படுவதற்கு முந்தின நாள் எங்கள் வீட்டுக் கூடத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து வகுப்பு எடுத்தார். கடைசியில் விரலை நீட்டி ஒரு எச்சரிக்கை: "கூட்டத்துல யாராச்சும் தவறிட்டீங்கன்னா பதறக் கூடாது. நேரா கீழ எறங்கி வந்துருங்க. நான் கீழ நிப்பேன்."

நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். கண்டியில் பிறந்தவனுக்கு இதைவிடத் தெளிவாக வழி சொல்ல முடியாது. எங்கள் ஊரில் எந்தச் சந்தில் தொலைந்தாலும் இறக்கத்தைப் பார்த்து நடந்தால் போதும், கால் தானாகவே குளத்தங்கரையில் கொண்டுபோய் விட்டுவிடும். மதுரையில் கீழே என்று ஒன்று இருக்கிறதா என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

மதுரையில் போய் இறங்கியதும் அண்ணனைப் பிடிக்க முடியவில்லை. ஆட்டோக்காரருக்கே வழி சொன்னார். "இந்த முக்குல திரும்பாதீங்க, அடுத்ததுல திரும்புங்க, வெரசா போயிறலாம்." ஆட்டோக்காரர் அசந்துபோய், "அண்ணே, நீங்க இந்த ஊரவிட்டுப் போயி எம்புட்டு வருசமாச்சு?" என்று கேட்டார்.

"இன்னைக்குக் காலைலதான் வந்தேன்."

"என்னண்ணே சொல்றீங்க, ஒண்ணும் வெளங்கல."

கடைகள் எல்லாம் சொன்ன இடத்தில் சொன்னபடியே இருந்தன. பித்தளைக் குத்துவிளக்கு, வளையல், பட்டு என்று ஒவ்வொரு தெருவையும் கல்யாண வீட்டில் சொந்தக்காரர்களை அறிமுகப்படுத்துவது போல எங்களுக்கு அறிமுகப்படுத்தினார். ஜிகர்தண்டாவை வாங்கி, குடிக்காமல் முதலில் எதிர்ப்பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே அவர் எதிர்பார்த்தது இருந்திருக்க வேண்டும். திருப்தியாகத் தலையாட்டிவிட்டுக் குடித்தார். எனக்கு அந்த மனிதரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

கடைசி நாள் காலையில்தான் வினை வந்தது. மாலையில் விமானம். துணிக்கடையில் என் மனைவி சேலைகளுக்குள் மூழ்கிக் கிடக்க, ராசாத்தி அக்கா மல்லிகைப்பூ வாங்கி வருகிறேன் என்று வாசலைத் தாண்டினார். அவ்வளவுதான். பில் போட்டு முடித்து வெளியே வந்து பார்த்தால் தெரு நிறைய தலைகள், எல்லாத் தலையிலும் மல்லிகைப்பூ, அக்காவை மட்டும் காணவில்லை. அவருடைய போனில் இருந்ததோ கண்டி சிம். நாங்கள் தங்கியிருந்த லாட்ஜின் பெயரும் அவருக்குத் தெரியாது. "அதெல்லாம் ஒனக்கெதுக்கு, நான் இருக்கேன்ல," என்று சொல்லி வைத்திருந்தார் அண்ணன்.

"பதறாதீங்க," என்றார் எங்களைப் பார்த்து. "கீழ எறங்கி வரச் சொல்லியிருக்கேன்ல. வாங்க, கீழ போவோம்." இரண்டு எட்டு வைத்தவர் நின்றுவிட்டார். அந்தப் பக்கம் பார்த்தார், இந்தப் பக்கம் பார்த்தார். தெரு தோசைக்கல் மாதிரி தட்டையாகக் கிடந்தது.

"தம்பி," என்றார் மெதுவாக. "எந்தப் பக்கமும் எறக்கமே இல்லையே."

மதுரை சமதளம் என்பதை இத்தனை வருட விசாரணையில் யாரும் அவரிடம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. என் மனைவியைக் கடை வாசலிலேயே நிறுத்திவிட்டு நாங்கள் இரண்டு பேரும் தேடி ஓடினோம். பூக்கடையில் கேட்டோம், வளையல் கடையில் கேட்டோம். வழியில் ஒரு பள்ளிவாசல் வந்தது. அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் கையேந்தி நின்று, "நான் கலகெதர ஹாஜியாரோட கூட்டாளி," என்று அல்லாவிடம் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். அடுத்து ஒரு மாதா கோயில். அங்கே சிபாரிசுக்கு ஆள் கிடைக்காததால் மெழுகுதிரி ஏற்றினார். அவசரத்தில் திரி பற்றவே இல்லை, நான்தான் பிடித்துக் கொடுத்தேன்.

வெளியே வந்ததும் நடைபாதையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "நான் இந்த ஊருக்கு வந்ததே இல்ல தம்பி," என்றார். ஏதோ பெரிய ரகசியத்தைச் சொல்வது போலச் சொன்னார். கண்டி முழுவதற்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் அவர் வாயால் அன்றுதான் கேட்டேன்.

உட்கார்ந்தவர் திடீரென்று நிமிர்ந்தார். "மதுரைய விடுங்க. ராசாத்தி என்ன யோசிச்சிருப்பா? கீழ எறங்கலாம்னு பாத்திருப்பா. எறக்கம் இல்ல. நம்ம ஊருல கீழ போனா என்னா வரும்?"

"குளம் வரும்."

"அதான். குளம் எங்கன்னு கேட்டிருப்பா."

"தெப்பக்குளத்துக்கு அனுப்பியிருந்தா? அது தூரமாச்சே அண்ணே," என்றேன்.

"தனியா ஆட்டோவுல ஏற மாட்டா, பயம். நடக்கிற தூரத்துல ஒரு குளந்தான் இருக்கு. எந்திரிங்க, உச்சிப் பொழுதானா கோயில் நடைய சாத்திருவாங்க. தெக்கு வாசல்ல போனா கிட்ட!"

அந்த ஓட்டத்தில் அவர் யாரிடமும் வழி கேட்கவில்லை. கோயில் வாசலில் போனைக் கொடுத்துவைக்கிற இடத்தில் என் போனை அவரே பிடுங்கிக் கொடுத்துவிட்டு என்னை இழுத்துக்கொண்டு போனார். பொற்றாமரைக் குளத்தின் படிக்கட்டில், தலை நிறையப் பூவோடு, ராசாத்தி அக்கா சாவகாசமாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நாலைந்து மதுரைப் பெண்கள். கண்டி தலதா மாளிகையில் இருந்து எங்கள் வீட்டுக்கு எப்படி வர வேண்டும் என்று அவர்களுக்குக் கையை ஆட்டி ஆட்டி விளக்கிக்கொண்டிருந்தார்.

எங்களைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார். "கீழ நிப்பேன்னு சொன்னீங்கள்ல? எவ்வளவு நேரமா காத்துக்கிட்டு இருக்கேன்?"

மூச்சு வாங்க நின்ற அண்ணன் வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வையை மட்டும் துடைக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். "மேல கொஞ்சம் வேலையா இருந்துச்சு," என்று சொல்லிவிட்டு அக்காவின் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார்.

வாழ்நாள் முழுக்க அவர் பேச்சைக் கேலி செய்த மனுஷி, தெரியாத ஊரில் தனியாக நின்றபோது அவர் சொன்ன ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு குளத்தைத் தேடி வந்திருக்கிறார். இதை நான் அக்காவிடம் சொல்லவில்லை. சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார்.

மகளின் கல்யாணம் நல்லபடி முடிந்தது. அண்ணன் இன்றும் கம்பத்தடியில்தான் நிற்கிறார். அதுதான் நேரில் பார்த்துவிட்டீர்களே, இன்னும் எதற்கு விசாரணை என்று கேட்டேன். "நான் பாத்தது என் ரெண்டு கண்ணுல பாத்ததுதானே தம்பி," என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்கு பிளேன்டீ வாங்கப் போய்விட்டார்.

எனக்கும் ஒரு பழக்கம் தொற்றிக்கொண்டது. எந்தப் புது ஊரில் போய் இறங்கினாலும் முதலில் இறக்கம் எந்தப் பக்கம் என்று பார்க்கிறேன். தொலைந்துபோனாலும் பயமில்லை, கீழே அவர் நிற்பார்.