வியாழக்கிழமை ஞானி

மனிதர்களில் வியாழக்கிழமை ஞானி என்றொரு வகை உண்டு. ஊர் முழுக்க ஞாயிற்றுக்கிழமை தெரிந்துகொள்ளப்போவதை இவர் வியாழக்கிழமையே தெரிந்துகொண்டுவிடுவார். தெரிந்துகொண்டால் பரவாயில்லை, நம்மிடம் சொல்லிவிடுவார். சொன்னாலும் பரவாயில்லை, நாம் வாயைப் பிளக்கிறோமா என்று நின்று வேறு பார்ப்பார்.

ஒஹாயோவில், டயர் ஆலைகளின் வாடை வீசும் எங்கள் மில்பர்னில் இந்த இனத்தின் தலைசிறந்த பிரதிநிதி நார்பர்ட் லவாட்டி. செருப்புக் கடையில் விற்பனையாளர். உங்கள் பாதத்தைக் கையில் பிடித்துக்கொண்டே, இந்த வாரம் எந்தப் பாட்டு முதலிடம் என்று சொல்வார். காலை உருவிக்கொண்டு ஓடவா முடியும்? எழுபதுகளின் கடைசி அது. நூறு பாட்டுகளின் தரவரிசையை அச்சிடும் பத்திரிகை வியாழக்கிழமை கடைக்கு வரும். அதே வரிசையை வைத்து கலிபோர்னியாவில் யாரோ ஒருவர் நாற்பதாம் இடத்திலிருந்து ஒன்றுவரை பேசிப் பாடவிட்டு, இசைத்தட்டாக்கித் தபாலில் அனுப்ப, எங்கள் ஊர் வானொலி ஞாயிற்றுக்கிழமை அதைப் போடும். ஊரே காதைத் தீட்டிக்கொண்டு கேட்கும். நார்பர்ட் மட்டும் ஃபிலிஸின் சாப்பாட்டுக் கடையில் காபியைக் கலக்கியபடி, “இன்னுமா இதைக் கேக்கறீங்க? இதெல்லாம் ஆறின கஞ்சி” என்பார்.

ஞானிக்குத் தெரிந்தது ஒரு பத்திரிகை. அதை உலகம் என்று நினைத்துக்கொள்வதுதான் ஞானம்.

இப்படிப்பட்டவரின் வாயில் எமில் கோவாச்சின் குடும்பம் விழுந்தது. எமில் டயர் ஆலையில் மேஸ்திரி. அவர் மகள் ரோஸலின், ஆலை அலுவலகத்தில் அப்பா வாங்கிக்கொடுத்த தட்டச்சு வேலையை உதறிவிட்டு நாஷ்வில்லுக்குப் பாடப் போனாள். அன்றோடு பேச்சு நின்றது. “ரேடியோவுல அவ குரல் வரட்டும், அப்புறம் பேசிக்கிறேன்” என்று மனைவி இர்மாவிடம் சொல்லிவிட்டார். வராது என்ற தைரியத்தில் சொன்னதாகத்தான் எல்லோரும் நினைத்தோம். ஆனால் எமில் கார் ஓட்டும்போது வானொலியை அணைப்பதே இல்லை என்பதை இர்மா கவனித்திருந்தாள்.

பனி கொட்டிய ஒரு வியாழக்கிழமை நார்பர்ட் பத்திரிகையோடு ஃபிலிஸ் கடைக்குள் நுழைந்தார். “எமில், உங்க பொண்ணு நாப்பதாவது எடம். ஞாயித்துக்கிழமை மொதப் பாட்டே அவதான். எழுதி வெச்சுக்கங்க.”

ஞாயிற்றுக்கிழமை கடையில் நிற்க இடமில்லை. எமில் மாதாகோயில் கோட்டைக் கழற்றாமல் வந்து உட்கார்ந்தார். இர்மா ஆப்பிள் கேக்கைத் தொடவில்லை. நிகழ்ச்சி தொடங்கியது. நாற்பதாம் இடம் என்று அறிவித்தார்கள். யாரோ ஒரு ஆண் பாடினான். முப்பத்தொன்பது, முப்பத்தெட்டு என்று போய்க்கொண்டே இருந்தது. எமில் எழுந்து, யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போனார். இர்மா பின்னாலேயே ஓடினாள்.

ஞானி வெட்கப்பட்டாரா? அந்த உறுப்பு இந்த இனத்துக்கு இல்லை. “பத்திரிகைல தப்பு வராது. ரேடியோக்காரன்தான் என்னமோ குளறிட்டான்” என்றார். என்ன குளறினான் என்று ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்பதா? கேட்டால் தெரியாது என்று ஆகிவிடுமே.

அடுத்த வியாழன் புதுப் பத்திரிகை வந்தது. “ரோஸலின் கதை முடிஞ்சுது. அம்பத்திரண்டுக்கு எறங்கிட்டா. இனிமே யாரும் ரேடியோ முன்னாடி உக்காந்து நேரத்தை வீணாக்காதீங்க” என்று இர்மாவிடமே போய்ச் சொன்னார். துக்கச் செய்தி கொண்டுபோகிறவர்கூட வாசலில் கொஞ்சம் தயங்குவார். இவர் மணியை அடித்துக்கொண்டே பேச ஆரம்பித்தாராம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்களில் ஒருவரும் வானொலியைத் திருப்பவில்லை. எமில் பனி வாரினார். நான் தூங்கினேன்.

மறுநாள் காலை எமிலும் இர்மாவும் ஃபிலிஸ் கடையில் இருந்தபோது பால் வண்டி ஓட்டுபவர் உள்ளே வந்து, எமிலின் தோளைத் தட்டினார். “நேத்து ரேடியோவுல உங்க மகதானே? மில்பர்ன் பொண்ணுன்னு நம்ம ஊர்ப் பேரையே சொன்னான்யா. வண்டிய ஓரங்கட்டிட்டுக் கேட்டேன்.”

ஃபிலிஸ் வானொலி நிலையத்துக்கு போன் செய்தாள். அதற்கு முந்தின ஞாயிறு பனியில் தபால் சிக்கி, தட்டு வந்து சேரவில்லையாம். அதனால் முந்தின வாரத் தட்டையே மறுபடி போட்டிருக்கிறார்கள். ரோஸலின் இருந்த தட்டு ஒரு வாரம் கழித்து ஓடியிருக்கிறது. இன்னொரு தடவை போட முடியுமா என்று கேட்டாள். அனுப்பியவர்களுக்கே திருப்பி அனுப்பியாகிவிட்டது என்றார்கள்.

மூலையில் காபி கலக்கிக்கொண்டிருந்த நார்பர்ட் தொண்டையைக் கனைத்தார். “கணக்குப்படி பாத்தா அது போன வார நிகழ்ச்சி. இந்த வாரம் அவ அந்த நாப்பதுலயே இல்ல. அதனால நான் சொன்னது சரிதான்.”

எமில் அவரைப் பார்க்கவே இல்லை. பால்காரரிடம் கேட்டார்: “குரல் எப்படி இருந்துச்சு?”

“கொஞ்சம் கரகரன்னு. ஆனா வேற ஸ்டேஷனுக்கு மாத்த மனசு வரல.”

எமில் கல்லாவுக்குப் பக்கத்திலிருந்த தொலைபேசியை எடுத்தார். இர்மா கைப்பையைத் திறக்காமலே, அதில் எழுதி வைத்திருந்த மகளின் எண்ணை மனப்பாடமாகச் சொன்னாள். வெகுநேரம் மணி அடித்திருக்கவேண்டும்.

“நான்தான்மா, அப்பா. ரேடியோவுல கேட்டேன். நம்ம ஊர்ப் பேரச் சொன்னாங்க. கொஞ்சம் கரகரன்னு இருந்துச்சு, சளியா?”

நார்பர்ட் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். “அவர் கேக்கவே இல்லையே. அவரு நேத்து பனி வாரி…”

“நார்பர்ட்,” என்றாள் ஃபிலிஸ், காபிக் கெட்டிலை அவர் மடிக்கு நேராகச் சாய்த்துப் பிடித்து. “மிச்சத்தையும் சொல்லு பாப்போம்.”

அவர் உட்கார்ந்தார். ஆனால் மிச்சத்தை விழுங்க முடியவில்லை. என் பக்கம் குனிந்து, என் காதில் சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. எமில் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, “ஆமாம்மா, முழுசாக் கேட்டேன்” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

சிரித்துவிட்டீர்களா? நல்லது. இப்போது உண்மையைச் சொல்லுங்கள். படிக்கும்போதே, முந்தின வாரத் தட்டை அதற்குள் திருப்பி அனுப்பியிருக்க வேண்டுமே, பிறகு எப்படி மறுபடி போட்டார்கள் என்று என்னை மடக்க உங்கள் நாக்கு துடித்ததா? ஞானி இனத்துக்கு அதுதான் முதல் அறிகுறி. பக்கத்தில் இருப்பவரிடம் அதை இந்நேரம் சொல்லியும்விட்டீர்கள் என்றால், எனக்கு வேறு எதுவும் சொல்வதற்கில்லை.