சின்ன அறைக்கு வந்த ஆலா

இந்தத் தடவை விட்டுக்கொடுப்பதில்லை என்று தீர்மானித்தேன். மச்சான் என் வீட்டுக்கு வரலாம். சாப்பிடலாம். சிரிக்கலாம். ஆனால் என் சின்ன அறையில் மட்டும் கால் வைக்கக் கூடாது. கால் வைத்தால் அடுத்து வாய் வைப்பார். அவர் வாய் வைப்பது டிரம்பெட்டில்.

மச்சான் என் மனைவியின் அண்ணன். பேண்டு கோஷ்டிக்காரர். கூட்டாளிகள் வைத்த பெயர் எக்காளம். வாசிக்காத நேரத்தில் சிரிப்பார். இரண்டுக்கும் வித்தியாசம் தெரிய ரொம்ப நாள் பழகியிருக்க வேண்டும்.

நானோ அச்சகத் தாள்களில் எழுத்துப்பிழை திருத்துகிறவன். பிழை பார்த்தே பிழைக்கிறவன். அதற்கு அமைதி வேண்டும். என் மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். பகலில் ஊராரை ஓட்டச் சொல்லிவிட்டுச் சாயங்காலம் வந்து என்னை ஓட்டுவாள்.

"அண்ணன் திங்கட்கிழமை வர்றார். வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கறாங்களாம்."

"எத்தனை நாளைக்கு?"

"பெயின்ட் காயற வரைக்கும்."

"அது ரெண்டு நாள்ல காஞ்சிடும்."

"அண்ணன் முகத்தைப் பார்த்து இப்படி நாள் கணக்குக் கேட்டீங்கன்னா அவர் மனசுதான் காயும். சின்ன ரூமை ஒழிச்சு வைங்க."

அப்போது என் மேஜையில் கடற்பறவைகள் பற்றிய ஒரு புத்தகத்தின் அச்சுத்தாள்கள் கிடந்தன. இலையுதிர் காலக் கடைசியில் புயல் அடித்தால் நடுக்கடல் பறவைகள் கரைக்கு ஒதுங்குமாம். கரும்பிடரி ஆலா என்று ஒன்று. உடம்பெல்லாம் வெள்ளை, பிடரியில் ஒரு கறுப்புக் கோடு. நம் நகரத்தில் அதைப் பார்ப்பது அபூர்வம். களைத்துப்போய் எங்கேயாவது உட்கார்ந்திருக்கும். 'தொந்தி வரவு செய்யக் கூடாது' என்று அச்சாகியிருந்தது. 'தொந்தரவு' என்று திருத்தினேன். திருத்தும்போதே யோசனை பளிச்சென்று வந்துவிட்டது. போன வாரம்தானே புயல் அடித்தது!

பொம்மைக் கடையில் ஒரு மரப்பறவை வாங்கினேன். அது என்ன பறவை என்று செய்தவருக்கே தெரிந்திருக்காது. பிழையை மறைக்கும் வெள்ளை மையை அதன் மேல் பூசினேன். பிடரியில் கறுப்புக் கோடு இழுத்தேன். சின்ன அறை ஜன்னலுக்கு வெளியே, சிமென்ட் விளிம்பில், கடலைப் பார்க்க உட்கார வைத்தேன். மனைவியைக் கூப்பிட்டேன்.

"ஷ்ஷ்! மெதுவா வா. கரும்பிடரி ஆலா. அபூர்வமான பறவை!"

அவள் திரைச்சீலையை விரலளவு விலக்கிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அசையவே மாட்டேங்குதே?"

"களைப்பு. அது ஓய்வெடுத்து முடிக்கற வரைக்கும் இந்த ரூமுக்குள்ள யாரும் வரக் கூடாது. புத்தகத்துலயே போட்டிருக்கு."

"ஐயோ பாவம். வரவே கூடாது. ரூமைப் பூட்டிடுவோம்."

"அப்போ மச்சான்?"

"அண்ணன் நம்ம பெட்ரூம்ல இருக்கட்டும். நான் ஹால் சோபாவுல படுத்துக்கறேன்."

"நான்?"

"தரை இருக்கே."

"சரி, என் வேலை? சின்ன ரூம்லதானே..."

"யாரும்னு சொன்னீங்களே. அந்த யாரும்ல நீங்களும் உண்டுதானே?"

உண்டுதான். அச்சுப்பிழை எதுவும் இல்லை.

மச்சான் வந்தார். பறவை விஷயம் கேட்டதும் கண் விரிந்தது. "அப்போ நான் வீட்டுல வாசிக்கவே கூடாது மாப்பிள்ளை! பாவம், பயந்துடும்" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்தது. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வாசித்தால் பறவைக்குக் கேட்காது என்று அவரே கண்டுபிடிக்கிற வரைக்கும்தான் அந்தக் குளிர்ச்சி. அதற்குப் பிறகு பறவைக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. குளிக்கவும் வழியில்லை. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து திருத்தியதில் 'கடல்' எல்லாம் 'கடன்' ஆகிப் போனது. அச்சகத்து முதலாளி போனில் கத்தினார். இன்னொரு தடவை இப்படி வந்தால் வேறு ஆளைப் பார்ப்பாராம்.

போதும், பறவையைப் பறக்கவிட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். மனைவி பாடம் எடுக்கப் போயிருப்பாள் என்று நினைத்து, சாவியை எடுத்துச் சின்ன அறைக்குள் நுழைந்தேன். ஜன்னலைத் திறந்து கையை நீட்டினேன். கடலைப் பார்க்க வைத்த பறவை இப்போது என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. காற்றில் திரும்பியிருக்கும் என்று கழுத்தைப் பிடித்தேன்.

அது என் விரலைக் கடித்தது.

நான் போட்ட சத்தம் டிரம்பெட்டையும் மீறியது. குளியலறையிலிருந்து மச்சான் ஓடி வந்தார். வேலைக்குப் போயிருக்க வேண்டிய மனைவியும் அடுக்களையிலிருந்து ஓடி வந்தாள்.

"கடிச்சிடுச்சு! கடிச்சிடுச்சு!"

"பறவைன்னா கடிக்காதா?" என்றாள் மனைவி.

"இல்லம்மா, அது மரம்..."

"மரத்துல எங்கே இருக்கு மாப்பிள்ளை? ஜன்னல்லதானே இருக்கு?" என்றார் மச்சான்.

விரலில் ரத்தம். விளிம்பில் அது இறக்கையை ஒரு தடவை விரித்து, உதறி, மடக்கிக்கொண்டது. நான் பூசிய மைக்கு உயிர் வந்துவிட்டதா? பொம்மைக் கடைக்காரர் உண்மையான பறவையையே விற்றுவிட்டாரா? அப்படியானால் வாங்கும்போது ஏன் கடிக்கவில்லை?

மச்சான் மாடி வீட்டுப் பல் டாக்டரை அழைத்து வந்தார். அவர் பறவை பார்க்கும் சங்கத்தின் செயலாளர். பைனாகுலரை எடுத்தார். பார்த்தார். கை நடுங்கியது. பல் பிடுங்குகிறவருக்குக் கை நடுங்கலாமா என்று இன்னொரு கவலையும் எனக்குச் சேர்ந்தது.

"கரும்பிடரி ஆலாவேதான்! இத்தனை வருஷத்துல இப்பத்தான் கண்ணால பார்க்கறேன். யாரு சார் முதல்ல பார்த்தது?"

"இவர்தான்" என்றாள் மனைவி. "பார்த்த உடனே ரூமையே விட்டுக்கொடுத்துட்டார். தரையில படுக்கறார்."

டாக்டர் என் கடிபட்ட கையைப் பிடித்துக் குலுக்கினார். வலித்தது. பெருமையாகவும் இருந்தது. சங்கத்துக்காரர்கள் கேமராவோடு வந்து, ஒவ்வொருவராகத் திரைச்சீலை இடுக்கில் பார்த்துவிட்டுப் போனார்கள். எது மரம், எது பறவை, எது நான் என்றே எனக்குப் புரியாமல் போனது. கேட்டவர்களுக்கெல்லாம் புத்தகத்தில் திருத்தியதை ஒப்பித்தேன். எனக்குப் 'பறவைக் காவலர்' என்று ஒரு பட்டம் கொடுத்தார்கள். அந்த அட்டையில் ஒற்று விட்டுப்போயிருந்தது. நான் திருத்தவில்லை.

அந்த வார இறுதியில் ஒரு காலை நேரம். ஆலா விளிம்பின் ஓரத்துக்கு நடந்தது, இறக்கையை விரித்தது, கட்டடங்களுக்கு மேலாகக் கடலை நோக்கிப் பறந்தே போய்விட்டது. என் கண்ணால் பார்த்தேன். அழுகை வந்தது. முக்கால்வாசி சந்தோஷம்.

காபி போட்டுக் குடித்து, முகம் கழுவி, தெம்போடு மச்சானை எழுப்பினேன்.

"மச்சான், பறவை போயிடுச்சு! இனி நீங்களும்..."

அவர் எழுந்து போய்த் திரைச்சீலையை விலக்கினார். "இருக்கே மாப்பிள்ளை!"

ஓடிப் பார்த்தேன். இருந்தது. கடலைப் பார்த்து அசையாமல் உட்கார்ந்திருந்தது. வெள்ளை மை வாலில் லேசாக உரிந்திருந்தது. மனைவி பின்னால் நின்று கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மச்சான் டிரம்பெட்டோடு குளியலறைக்குள் போகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"இது மரம்!" என்றேன் ரகசியமாக.

"தெரியும். முதல் நாளே தெரியும். மை வாசனை அடிச்சுது."

"அப்போ அது?"

"உங்க பொம்மையைப் பார்த்து, கூட்டாளின்னு நெனச்சு ஒண்ணு வந்து பக்கத்துல உட்கார்ந்துச்சு. ரெண்டு இருந்தா உங்க குட்டு உடைஞ்சிடுமேன்னு பொம்மையை எடுத்து அலமாரியில வெச்சேன்."

"இப்போ ஏன் திரும்ப வெச்சே?"

"அண்ணன் தினமும் பாத்திரம் கழுவறார். துணி மடிக்கிறார். நீங்க இத்தனை வருஷத்துல ஒரு தட்டு கழுவியிருக்கீங்களா?"

"இப்பவே சொல்லிடறேன், இது மரம்னு!"

"சொல்லுங்க. சத்தமாச் சொல்லுங்க, மாடியில டாக்டருக்கும் கேட்கட்டும். யார் வாங்கினது, யார் மை பூசினதுன்னு அடுத்து நான் சொல்றேன்."

"நானே எடுத்துத் தூக்கிப் போட்டுடறேன்!"

"பறவையைக் காணோம்னா அவங்க முதல்ல காவலரைத்தான் கேட்பாங்க. ஏற்கெனவே ஒரு தடவை கழுத்தைப் பிடிச்சவர் நீங்க."

குளியலறைக் கதவு திறந்தது. மச்சான் துண்டோடு வந்தார். கடைசி நம்பிக்கையோடு கேட்டேன்.

"மச்சான், உங்க வீட்டுப் பெயின்ட் காஞ்சிருக்குமே? எப்போ கிளம்பறீங்க?"

"அது காஞ்சு எத்தனையோ நாளாச்சு மாப்பிள்ளை. ஆனா பாதியில விட்டுட்டுப் போக மனசு வரலை. இந்தப் பறவை பறந்துபோன மறுநாளே கிளம்பிடறேன்."