முன் இருக்கையிலிருந்து சம்பந்திக்கு

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நானும் என் மனைவியும் சுகம். அங்கே நீங்களும் சம்பந்தியம்மாவும் சுகம் என்று என் மகள் மூலம் தெரிந்துகொண்டேன். உங்களிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளும் நிலையில் நாம் இல்லை. போன் பண்ணியிருக்கலாமே என்பீர்கள். பண்ணிப் பார்த்தோமே. நீங்கள் "ம்" என்றீர்கள், நானும் "ம்" என்றேன், இருவரும் போனை அவரவர் மனைவி கையில் கொடுத்துவிட்டு நகர்ந்தோம். அவர்கள் காது சூடாகும்வரை பேசினார்கள். ஆகவே கடிதம். கடிதத்தில் "ம்" போட்டுத் தப்பிக்க முடியாது.

விஷயம் உங்களுக்கும் வந்திருக்கும். உங்கள் மருமகளுக்குப் பிரசவ நாள் நெருங்குகிறது. அவள் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அப்பா, நீங்களும் மாமாவும் பேசிக்கிட்டு வர்றதா இருந்தா ரெண்டு பேரும் வாங்க. இல்லைன்னா யாருமே வர வேணாம், நாங்களே பாத்துக்கறோம்." குரலில் கோபம் இருந்திருந்தால் பயந்திருக்க மாட்டேன். கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. அவளுக்கு வலி எடுக்கும்போது நான் ஆஸ்பத்திரி நடைபாதையில் குறுக்கும் நெடுக்கும் நடக்காமல் இங்கே டிவி முன்னால் உட்கார்ந்திருப்பதா? என்னால் முடியாது. உங்களாலும் முடியாது. மகன் உங்களுடையவர்தானே.

போன முறை பிள்ளைகளைப் பார்க்க நாம் சேர்ந்து போன விமானத்தில் நடந்ததை நீங்கள் ஒரு விதமாகவும் நான் ஒரு விதமாகவும் ஊர்பூராவும் சொல்லிவருகிறோம். என் பக்கம் எழுத்தில் இருக்கட்டும். தொடக்கம் பையில்தான். நீங்கள் உங்கள் பையை வீட்டிலேயே தராசில் தொங்கவிட்டுப் பார்த்துக் கொண்டுவந்தீர்கள். என் பை கொஞ்சம் கூடுதல். நான் இரண்டு சட்டைகளை எடுத்து, போட்டிருந்த சட்டை மேலேயே போட்டுக்கொண்டு, காலணியைப் பைக்குள்ளிருந்து எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சமாளித்தேன். நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, விதி என்றால் விதி என்று என் மனைவியிடம் முணுமுணுத்தீர்கள். அதற்கப்புறம் தண்ணீர் பாட்டிலை உள்ளே விட மாட்டேன் என்றார்கள், நல்ல தண்ணீரைக் கொட்ட மனசில்லாமல் முழுதும் குடித்துவைத்தேன், அதன் பலனை விமானம் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போது, யாரும் எழுந்திருக்கக் கூடாத நேரத்தில் அனுபவித்தேன், அப்போதும் நீங்கள் விதியைத்தான் சொன்னீர்கள். எப்படியோ அந்தக் கண்டத்தையும் தாண்டி, அப்பாடா என்று உட்கார்ந்து, இருக்கையைச் சாய்க்கப் பொத்தானை அமுக்கினேன். நாற்காலி அசையவில்லை. பழுது என்று நினைத்தேன். பஸ்ஸில் இதுபோல எத்தனையோ பார்த்தவன், முதுகால் ஒரு தள்ளு தள்ளினேன். அது என்னைத் திருப்பித் தள்ளியது. பணிப்பெண்ணைக் கூப்பிட்டேன். அந்தப் பெண் எட்டிப் பார்த்துவிட்டு, "பின்னாடி இருக்கறவர் முட்டி கொடுத்திருக்கார் சார்" என்றாள். பின்னால் இருந்தவர் தாங்கள்.

சம்பந்தி, ஒன்றை நீங்கள் யோசிக்க வேண்டும். நான் கண்டக்டர். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெற்ற நாள்வரை, ஊரையே உட்காரவைத்துவிட்டு நின்றவன். வளைவில் நின்றேன், மேட்டில் நின்றேன், காய்ச்சலோடு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்படிப்பட்டவனுக்குச் சாய்கிற நாற்காலி ஒன்றைக் கொடுத்து, பக்கத்தில் பொத்தானும் வைத்தால் அமுக்காமல் இருப்பேனா? நீங்களோ பல் டாக்டர். வந்தவர்களையெல்லாம் சாய்த்துப் படுக்கவைத்தே பேர் வாங்கியவர். நான் ஒருவன் சாய்ந்தால் மட்டும் ஆகவில்லை. சாப்பாட்டு நேரத்திலும் ஏறி இறங்கும்போதும் தவிர மற்ற நேரத்தில் சாயலாம் என்று அந்தப் பெண் விதியைச் சொன்னாள். நான் வெற்றியோடு திரும்பிப் பார்த்தேன். நீங்கள் முட்டியை எடுத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டீர்கள்: "விதி இருக்கு. அதுக்காக?"

அந்த "அதுக்காக" இறங்கும்வரை என் முதுகில் உறுத்திக்கொண்டே வந்தது. பை விஷயத்தில் விதி பேசிய நீங்கள் நாற்காலி விஷயத்தில் மனுஷத்தன்மை பேசினீர்கள். பை விஷயத்தில் மனுஷத்தன்மை எதிர்பார்த்த நான் நாற்காலி விஷயத்தில் விதி பேசினேன். ஆகமொத்தம் விதி என்பது நமக்கு வசதியான பக்கம் நிற்கும்போதுதான் நம் கண்ணுக்கு அழகாகத் தெரிகிறது போலும். இதை அப்போதே சொல்லியிருந்தால் சிரித்துவிட்டு முடிந்திருக்கும். சொல்லும் மனநிலையில் நான் இல்லை. விமானம் தரையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஜனங்கள் எழுந்ததைப் பார்த்து, பழைய பழக்கத்தில் நானும் எழுந்து நின்று, "வண்டி நிக்கட்டும், அப்புறம் எழுந்திருங்க" என்று சத்தம் போட்டதும், அந்தப் பெண் வந்து எல்லோரையும் விட்டுவிட்டு என்னை மட்டும் உட்காரச் சொன்னதும் நீங்கள் அறிந்ததே. என் மனைவி எதிர் வரிசையிலிருந்து, நான் யாரோ ஒரு ஆள் என்பதுபோல் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு பிள்ளைகள் வீட்டில் நாம் நடந்துகொண்ட அழகை எழுதக் கை கூசுகிறது. ஒரே மேஜையில் உட்கார்ந்துகொண்டு, "உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லும்மா உங்க அப்பாவை" என்று நீங்கள், "உங்க மாமாவுக்குக் கை இல்லையான்னு கேளு" என்று நான். மகள் நடுவில் உட்கார்ந்து உப்பை நகர்த்தினாள். ஒருநாள் சமையலறையில் குழாய் திறந்தபடியே இருக்கிறதே, மூடலாம் என்று போனேன். அவள் தொட்டியில் குனிந்து அழுதுகொண்டிருந்தாள். குழாயை மூடாமல் வந்துவிட்டேன். இது உங்களுக்குத் தெரியாது.

அன்று ராத்திரிதான் எனக்குக் கடைவாய்ப் பல் வலியில் தெறிக்க ஆரம்பித்தது. உங்களிடம் சொல்வதாவது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, கடிக்க முடியாமல், மறுநாள் மதியம்வரை ஓட்டினேன். கன்னம் வீங்கிக் காட்டிக்கொடுத்துவிட்டது. நீங்கள் கையைக் கழுவிவந்தீர்கள். மாப்பிள்ளையின் சாய்வு நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு என்னை உட்காரவைத்தீர்கள். டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு, ஒரு கையை நாற்காலி முதுகில் வைத்து, "சாய்க்கட்டுமா?" என்றீர்கள்.

நான் வாயைத் திறந்தபடியே தலையை ஆட்டினேன். நீங்கள் விடவில்லை. "வாயை மூடிட்டுச் சொல்லுங்க" என்றீர்கள். மூடிவிட்டு, சரி என்றேன். அதற்கப்புறம்தான் சாய்த்தீர்கள்.

வைத்தியம் செய்தீர்கள், வீக்கம் வடிந்தது, மறுநாளே நீங்கள் கிளம்பியும்விட்டீர்கள். பிறகு மாப்பிள்ளையிடம் கேட்டேன். ஆஸ்பத்திரியிலும் அப்பா அப்படித்தான் என்றார். கீழே மிதிகட்டையை மிதித்தால் நாற்காலி தானாகச் சாயும், கேட்க வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது, ஆனால் சின்னப் பிள்ளையானாலும் கேட்டுப் பதில் வந்த பிறகுதான் மிதிப்பார் என்றார். எனக்குச் சுருக்கென்றது. விமானத்தில் நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நீங்கள் முட்டியை மடக்கிக்கொண்டிருப்பீர்கள். கேட்க எனக்குத் தெரியவில்லை, சம்பந்தி. கண்டக்டர் யாரிடமும் கேட்பதில்லை. உள்ளே போங்க, முன்னாடி வாங்க, இறங்குங்க, அவ்வளவுதான் எங்கள் பாஷை.

இதற்காக என் கட்சியை விட்டுக்கொடுத்துவிட்டேன் என்று எண்ண வேண்டாம். சாய்கிற நாற்காலி சாய்வதற்கே. காசு கொடுத்தவனுக்கு அந்த உரிமை உண்டு. நீங்கள் உங்கள் கட்சியிலேயே இருங்கள். ஆனால் இந்த முறை திரும்பிப் பார்த்து, "சாயட்டுமா?" என்று கேட்பேன். நீங்கள் வேண்டாம் என்றால், போகிற வழி முழுக்கக் கம்பம் மாதிரி நிமிர்ந்தே உட்கார்ந்து வருவேன். இது சத்தியம். குழந்தை பிறக்கும்போது அந்த நடைபாதையில் நாம் இருவரும் இருக்க வேண்டும். வலப்பக்கமா இடப்பக்கமா என்று அங்கேயும் தகராறு செய்துகொள்வோம், அது பரவாயில்லை.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கம். பிறக்கப்போகிற குழந்தைக்கு என் ஆசிகளை உங்கள் ஆசிகளோடு சேர்த்தே சொல்லிவிடுங்கள், தனித்தனியாக வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் நலம் நாடும்
முன் இருக்கைக்காரன்

பி.கு.: உறையை ஒட்டப்போன சமயம் மாப்பிள்ளை டிக்கெட் அனுப்பிவிட்டார், நாம் எப்படியும் சமாதானமாகிவிடுவோம் என்ற நம்பிக்கையில். இந்த முறை முன் இருக்கை உங்களுக்கு, பின் இருக்கை எனக்கு. என் மனைவி பார்த்துவிட்டு இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாள். ஆகவே சாய்வது உரிமை என்று மேலே நான் எழுதியதையெல்லாம் படிக்காததாகவே பாவிக்கவும். எனக்கும் முட்டி இருக்கிறது, நின்று நின்று தேய்ந்த முட்டி. விதி இருக்கிறதே என்பீர்கள். அதுக்காக? நீங்களும் "சாயட்டுமா?" என்று கேளுங்கள். என்ன சொல்வேன் என்று எனக்கே இன்னும் தெரியவில்லை. ஆனால் வாயை மூடிவிட்டு, நிதானமாக யோசித்துச் சொல்கிறேன்.