தாலிக்கு இன்னொரு டேக் கிடையாது

பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்திலும் கல்யாணத்தன்று மேடைப் படியை ஒரே தடவை ஏறிய மாப்பிள்ளை யாராவது இருந்தால், அவர் 'ஒன்மோர்' கேமராவில் மாட்டாதவர் என்று அர்த்தம்.

ஒன்மோருக்கு வீட்டில் என்ன பெயர் வைத்தார்களோ, எனக்குத் தெரியாது. பெரம்பலூரில் நான் வேலை பார்த்த ஜெராக்ஸ் கடைக்கு மாடியில் இருந்தார். பார்ட்னர், அசிஸ்டென்ட் யாரும் கிடையாது. படம் எடுப்பது, லைட் போடுவது, ட்ரோன் விடுவது, எடிட்டிங், கடைசியில் பென் டிரைவை வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பது வரை ஒரே ஆள். எதை எடுத்தாலும் "ஒன்மோர் ப்ளீஸ்" என்பார்.

ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் ஆலை ஊழியர் ஒருவரின் பணிநிறைவு விழாவில் மாலை போடுவதை ஏழு தடவை எடுத்தார். எட்டாவது தடவை கேட்டபோது மாலையில் நார்தான் மிச்சம். இன்னொரு நாள் ஒரு கல்யாண ஜோடியைப் படம் எடுக்க மக்காச்சோளக் கொல்லைக்கு மேல் ட்ரோன் விட்டார். ஒரு காக்கா அதைத் துரத்தியது. "அது ஏங்க இத மட்டும் தொரத்துது?" என்று அரை மணி நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். கோட்டுப் போட்ட மாப்பிள்ளை வெயிலில் வெந்துகொண்டிருந்தார்.

அப்பேர்ப்பட்ட ஆளிடம்தான் என் தங்கை கல்யாணத்தை ஒப்படைத்தேன். பத்து நாள் முன்னால் அப்பா விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருந்தார். குன்னத்து மண்டபத்தில் வீடியோ காலுக்குச் சிக்னல் கிடையாது. "தாலி கட்டுறதயாவது என் கண்ணுல காட்டிடுடா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பக்கத்துல நின்னு பாத்த மாதிரி இருக்கும், கவலப்படாதீங்க" என்றார் ஒன்மோர்.

கெட்டிமேளம் கொட்டியது. ஒன்மோர் பட்டனை அழுத்தினார். ரெக்கார்டு ஓடியது. அவர் சுபாவம் சும்மா இருக்குமா? எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு தடவை அழுத்தினார். நின்றுவிட்டது. மூன்று முடிச்சும் விழுந்த பிறகுதான் கவனித்தார். பழக்கதோஷத்தில் "ஒன்..." என்று வாயைத் திறக்க, என் அத்தை திரும்பினார்.

"தாலிக்கே ஒன்மோரா? வாய மூடுய்யா!"

மூடிக்கொண்டார். பிறகு என்னிடம் வந்து, "ஒண்ணுமே பதியலங்க" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில், "எங்கப்பாகிட்ட நீயே வந்து சொல்லு" என்று கத்திவிட்டேன். சொந்தக்காரர்கள் சிலர் செல்போனில் எடுத்து அனுப்பியதில் ஆளுக்கொரு முதுகுதான் தெரிந்தது.

மறுநாள் மாடி பூட்டிக் கிடந்தது. போன் சுவிட்ச் ஆஃப். ஓடிப்போய்விட்டார் என்றே நினைத்தேன். அப்பா தினமும் வீடியோ கேட்டார். மூன்றாம் நாள் லப்பைக்குடிக்காட்டில் கடை வைத்திருக்கும் நண்பர் போன் செய்தார்.

"ஒங்க வீடியோக்காரரு வந்தாருங்க. தாலி கட்டுறப்ப எந்தத் தூணுகிட்ட நின்னீங்கன்னு கேட்டாரு. என் போனை வாங்கி ஒரு மணி நேரம் நோண்டுனாரு. என்ன, போலீஸ் கேஸா?"

சாயந்தரம் அரியலூர் சித்தப்பாவும் அதையேதான் சொன்னார். எனக்குக் கோபம் போய், இந்த ஆள் என்னதான் செய்கிறார் என்ற குறுகுறுப்பு வந்துவிட்டது.

ஐந்தாம் நாள் லேப்டாப்போடு வீட்டுக்கு வந்தார். தாலி கட்டிய பிறகு எடுத்த படத்தில் யார் யார் கையில் போன் இருந்தது என்று பார்த்து, வீடு வீடாகப் போயிருக்கிறார். பதினேழு போன். ஒன்றில் மாப்பிள்ளை கை, ஒன்றில் தங்கையின் குனிந்த தலை, ஒன்றில் முடிச்சு மட்டும். எல்லாவற்றையும் கோத்து முழுசாகத் தாலி கட்ட வைத்துவிட்டார்.

"மூணாவது முடிச்சு போடுறது நாத்தனார்தானே?" என்று கேட்ட அப்பா, திரையைத் தொட்டுப் பார்த்து அழுதார்.

எங்கே கேமரா என்று ஒன்மோரைப் பார்த்தேன். பை மூடியே இருந்தது. அவர் சுவரைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எடுக்கலியா?"

"இதெல்லாம் எடுக்கக் கூடாதுங்க."

இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் விசேஷம் என்றால், ஜோசியரிடம் போவதற்கு முன்னால் அவருக்கு எந்த நாள் தோதுப்படும் என்று கேட்டுக்கொள்கிறோம். அவர் வராவிட்டால் எனக்கு அது விசேஷமாகவே தோன்றாது.