வாத்து வண்டி தாமதம்

அனைவரின் கனிவான கவனத்திற்கு. இன்று சனிக்கிழமை காலை முதல் இவ்வீட்டில் டயப்பர் சேவை நிரந்தரமாக நிறுத்தப்படுகிறது. இனி எல்லாப் போக்குவரத்தும் ஹாலின் நடுவில் நிற்கும் மஞ்சள் வாத்தின் மீது மட்டுமே நடைபெறும். ஒத்துழைப்புக்கு நன்றி.

இப்படி முழங்கியவர் ரயில் நிலைய அறிவிப்பாளர். வண்டிகள் தம் குரலைக் கேட்டுத்தான் வருகின்றன என்ற எண்ணம் அவருக்கு வெகு நாளாக உண்டு. கேட்டவர்கள் இருவர். ஒருத்தி, வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த மனைவி. இன்னொருத்தி, சட்டையைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டுக்கொண்டு நின்ற மூன்று வயது மகள் பட்டாணி.

வாத்து என்பது முதுகில் குழியும் பக்கத்துக்கொரு இறக்கையும் உள்ள பிளாஸ்டிக் இருக்கை. குழந்தைகள் உட்கார்ந்து ‘போக’ப் பழகுவதற்கு.

“திங்கக்கிழமை ஸ்கூல்ல டயப்பரோட சேர்த்துக்க மாட்டாங்க. சேர்க்கலேன்னா என் வேலை போச்சு. இதுக்கு மேல லீவு கேட்டா, வீட்டுலயே இருந்துக்கம்மான்னுடுவாங்க,” என்றாள் மனைவி.

“ரயிலையே நிறுத்தறவன் நான். இது ஒரு பெரிய விஷயமா?”

“ரயிலை நிறுத்தறது டிரைவருங்க.”

பட்டாணி வாத்தைக் காட்டினாள். “யாருது?”

“உங்கப்பாவோடதுதான். அவருதானே ஆசைப்பட்டு வாங்கினாரு!” என்று சொல்லிவிட்டு மனைவி ஆபீசுக்குக் கிளம்பினாள்.

பிள்ளைகள் பார்த்துத்தான் கற்கும் என்று அவர் எங்கோ படித்திருந்தார். எனவே பாத்ரூம் கதவை விரியத் திறந்துவைத்து, நேர்முக வர்ணனையோடு எல்லாவற்றையும் செய்து காட்டினார். ஃப்ளஷை இழுத்துத் தண்ணீர் விட்டார். கை கழுவினார். பட்டாணி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள்.

“புரிஞ்சுதா? இப்ப உன் முறை. வாத்து மேல உக்காரு.”

“மாட்டேன்.”

“ஏன்டா கண்ணு?”

“நீ உக்காரு.”

வெட்கம் என்று முடிவு கட்டினார். டிங் டாங் என்று தொடங்கி, “வாத்து விரைவு வண்டி முதலாம் நடைமேடையில் தயாராக உள்ளது” என்று அறிவித்தார். பட்டாணி கைதட்டினாள். வண்டியில் மட்டும் ஏறவில்லை.

சரக்கு இருந்தால்தானே இறங்கும் என்று சமையலறைக்குப் போய்ப் போய் ஜூஸ் பிழிந்து வந்து கொடுத்தார். அப்பா ஒரு டம்ளர் குடித்தால்தான் தானும் குடிப்பேன் என்றாள். ஜக்கு காலி. அவர்தான் பாத்ரூமுக்கும் ஹாலுக்குமாக ஓடினார். ஒவ்வொரு முறை திரும்பி வந்து பார்த்தபோதும் வாத்து காய்ந்து கிடந்தது.

தரையும் காய்ந்து கிடந்தது. பட்டாணியின் ஜட்டியும்.

“அப்பா மாதிரியே மன உறுதி!” என்று முதலில் மார் தட்டினார். மதியம் ஆனதும் மார் படபடத்தது. பால்கனிக்குப் போய்க் குழந்தை டாக்டருக்குப் போன் போட்டார்.

“எவ்வளவு குடிச்சா?”

“ஒரு ஜக்குல பாதி, டாக்டர்.”

“எவ்வளவு போனா?”

“ஒரு சொட்டு இல்ல.”

“உடனே தூக்கிட்டு வாங்க!”

கிளம்பும் முன் கடைசியாக ஒரு முயற்சி. “இதோ பாரு, அப்பாவே உக்காரறேன்,” என்று பேண்ட்டோடு வாத்தின் மேல் அமர்ந்தார். பட்டாணி துள்ளிக் குதித்தாள். “கரெக்ட்!”

எழுந்தார். வாத்தும் எழுந்தது.

இழுத்தார், உலுக்கினார், சோபா முனையில் வைத்து நெம்பினார். குழிக்குள் இன்னும் இறங்கினாரே தவிர வெளியே வரவில்லை. மனைவிக்குப் போன் பறந்தது.

“புள்ளைய டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும். ஆனா வாத்து என்னை விட மாட்டேங்குது.”

“பிளம்பரை அனுப்பறேன். நானும் வரேன்.”

பிளம்பர் வந்ததும் கேட்டார், “அடைப்பு எங்க சார்?”

அறிவிப்பாளர் திரும்பி நின்று காட்டினார்.

பிளம்பர் தொழில்முறையில் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார். “அறுத்துடலாம்.”

“யோவ், என்னை விடு! புள்ளையப் பாரு. காலையிலேருந்து அடக்கி வெச்சிருக்கா. எங்க அவ? பட்டாணி!”

பதிலுக்கு பாத்ரூமிலிருந்து தண்ணீர் பாயும் ஓசை கேட்டது. பிளம்பர் ஓடினார். உள்ளே ஏதோ பேச்சு. பிறகு பட்டாணியின் விரலைப் பிடித்துக்கொண்டு வந்தார். அவள் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே, “அப்பா, வந்துச்சா?” என்று அக்கறையாகக் கேட்டாள்.

“என்னய்யா சொல்றா?”

பிளம்பர் ரம்பத்தை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

“பாப்பா காலையிலேருந்து பாத்ரூம்லதான் போகுதாம் சார். வாத்து உங்களுக்காம். நீங்கதான் இன்னும் பழகலையாம்.”